அப்பா போன வீடு, அம்மா போன வீடு

தமிழ்நாட்டில் முதுகுளத்தூர், திருவாடானை, அறந்தாங்கி பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்பா துபாயிலோ சவூதியிலோ இருப்பது பழகிப்போன சங்கதி. இலங்கையில் மட்டக்களப்பு, மூதூர், ஹட்டன் பக்கம் வீட்டு வேலைக்கென்று வளைகுடாவுக்குப் போன அம்மாக்கள் நிறையப் பேர். இரண்டு இடத்துப் பிள்ளைகளும் அங்கிருந்து வரும் பணத்தில்தான் படிக்கிறார்கள். வளரும் விதம்தான் வேறு.

அப்பா போன வீட்டில் அன்றாடம் குலைவதில்லை. வேளைக்குச் சோறு உண்டு, தலைவாரிவிட ஆள் உண்டு. பேங்க், ரேஷன் கடை, சீட்டுப் பணம், வீடு கட்டும் கொத்தனார் என்று அம்மாவுக்கு வேலை இரண்டு மடங்காகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அப்பா லீவில் வருகிறார். கோடாலித் தைலம், பால்மாவு டின், சென்ட் பாட்டில் என்று பெட்டி பிரிக்கும்போது பெரிய பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, மூன்று வயதுக் கடைக்குட்டி மட்டும் அம்மாவின் முந்தானையைவிட்டு வெளியே வராது. அது பழகி மடியில் ஏறும் நேரத்தில் லீவு முடிந்துவிடும். போகும்போது மூத்தவனிடம் “நீதான்டா இனி வீட்டு ஆம்பளை” என்று சொல்லிவிட்டுப் போகிறார். பதின்மூன்று வயதுப் பையன்மேல் அவ்வளவு பெரிய சுமையை ஏற்றுகிறோம் என்று யாரும் நினைப்பதில்லை.

அம்மா போன வீட்டின் கதை ஊருக்கு ஊர் மாறும். மட்டக்களப்பு, மூதூர் இருக்கும் கிழக்கிலங்கையில் வீடு பெண்பிள்ளைக்கே போவது வழக்கம். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் அம்மம்மாவும் சித்திமாரும் அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இருப்பார்கள். அம்மா போனாலும் பிள்ளை படுக்கும் பாய் மாறாது. மகளுக்குச் சீதன வீடு கட்டத்தான் பல அம்மாக்கள் கடல் கடக்கிறார்கள்.

ஹட்டன் இருக்கும் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் அந்தத் துணை இல்லை. லயம் என்னும் வரிசை வீட்டில் ஓர் அறை, ஒரு குசினி. பாட்டியே இன்னும் கொழுந்து பறிக்கப் போவார். பகலில் சின்னதைப் பிள்ளைக் காம்பரா என்னும் தோட்டக் காப்பகத்தில் விடலாம். சாயங்காலம் மூத்த பெண்பிள்ளையின் பொறுப்பு. அடுப்பை மூட்டி, ரொட்டி தட்டி, தங்கச்சிக்குப் பின்னலிட்டு முடித்த பிறகுதான் அவள் கொப்பியைத் திறக்கிறாள். வாரத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் தவறும், பிறகு இரண்டு நாள். அவள் பெரிய மனுசியாகும் நாளில் அம்மா இன்னொருத்தர் வீட்டுச் சமையலறையில் இருக்கிறாள். போன் எஜமானி கையில்.

இதைக் காட்டி, அம்மாக்கள் போகவே கூடாது என்பார்கள் சிலர். எனக்கு அது சம்மதமில்லை. அப்படித் தடுத்துப் பார்த்ததும் உண்டு: இலங்கை அரசு 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற விதியைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போக முடியாமல் போனது. வளர்ந்த பிள்ளை என்றால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று காட்டவேண்டியிருந்தது. தகப்பனிடம் இந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. வறுமை அப்படியே இருந்ததால், பலர் முகவர் பேச்சை நம்பி விசிட் விசாவில் போனார்கள். ஏதாவது நடந்தால் கேட்க நாதியில்லை. நாடு நொடித்துப்போன 2022இல் இந்த விதி தளர்ந்தது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, போனது யார் என்பதைப் போலவே, போனவர் அங்கே என்ன நிலையில் இருக்கிறார் என்பதும் முக்கியம். கம்பெனி கேம்பில் இருக்கும் அப்பா ராத்திரி வீடியோ அழைப்பில் வந்து கணக்குப் பாடம் கேட்க முடிகிறது, வார லீவும் கிடைக்கிறது. தனி வீட்டில் அடைபட்ட அம்மாவுக்கு இரண்டுக்கும் எஜமானர் மனது வைக்கவேண்டும். வீட்டுத் தொழிலாளருக்கு வாரம் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இலேயே சொல்லிவிட்டது. வளைகுடா நாடுகளில் ஒன்றுகூட அதை ஏற்கவில்லை. தாயைத் தடுக்க விதி போட்டவர்கள், ஆள் அனுப்பும் ஒப்பந்தத்தில் ஓய்வு நாளையும் பிள்ளையோடு தினமும் பேசும் நேரத்தையும் எழுதிவாங்கப் பேரம் பேசியிருக்கவேண்டும்.