கோலி சோடாவும் டோக்கியோவின் அடிவயிறும்

மக்களே, ஆன்சைட்டுக்காக ஜப்பான் போனப்ப டோக்கியோவில் ராமுனே என்று ஒரு பானம் குடித்தேன். பாட்டில் கழுத்தில் கோலி! அட, நம்ம ஊர் கோலி சோடா! அழுத்தினேன், புஸ்ஸ்ஸ். கூட வேலை பார்த்த ஜப்பான்காரர் சிரித்தார்: "இதே மாதிரி ஒரு பாட்டில் உங்க காலுக்குக் கீழேயும் இருக்கு."

அப்புறம் நோண்டியதில் கிடைத்தது இந்தக் கதை.

1891. டோக்கியோ பக்கத்துச் சிபா மாகாணத்தில் ஒத்தாக்கி என்ற ஊர். சோயா சாஸ் காய்ச்சுகிற ஒருத்தர் நல்ல தண்ணிக்காகக் கிணறு தோண்டினால், வந்தது உப்புத்தண்ணி, அதுவும் நுரைத்துக்கொண்டு. வெறுத்துப் போய்ப் புகைத்த துண்டை வீசினாராம், குப்பென்று பற்றிக்கொண்டதாம். 1931-லேயே அங்கே கேஸ் கம்பெனி வந்துவிட்டது.

விஷயம் சிம்பிள். 1803-ல் வில்லியம் ஹென்றி சொன்னதுதான்: அழுத்தம் கூடினால் வாயு அதிகமாகக் கரையும். தரைமட்டத்தில் ஒரு லிட்டர் தண்ணியில் மீத்தேன் சுமார் 30 மில்லிதான் கரையும். 1000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 100 மடங்கு, அதனால் கிட்டத்தட்ட 2 லிட்டர் கரையும். கடலடிச் சேற்றில் நுண்ணுயிரிகள் உண்டாக்கிய மீத்தேன், பழைய கடல்நீரில் அப்படியே அடைபட்டுக் கிடக்கிறது. மேலே கொண்டுவந்தால் அழுத்தம் குறைந்து வாயு பிரிகிறது. மிச்சத் தண்ணியில் கடல்நீரைப் போல 2000 மடங்கு அயோடின் வேற! சிலிக்கு அடுத்து உலகத்துக்கே அயோடின் தருவது ஜப்பான்தான், அதில் பெரும்பங்கு சிபாவிலிருந்து.

ஆனா சும்மா கிடைக்குமா? கேஸ் வேணும்னா தண்ணியை இறைக்கணும், இறைத்தால் நிலம் இறங்கும். நீகாத்தா நகரம் 1950-களில் அப்படி இறங்கி, 1959-ல் கட்டுப்பாடு வந்தது. டோக்கியோ அரசு 1972-ல் அந்த உரிமைகளை விலைக்கு வாங்கியே கேஸ் எடுப்பதை நிறுத்தியது.

கேஸை நிறுத்தியாச்சு, வெந்நீர் ஊற்றை நிறுத்தவில்லை. குளிக்கிற வெந்நீருக்கும் அதே ஆழத்துத் தண்ணிதான். 2007 ஜூன் 19, ஷிபுயா. வெந்நீரிலிருந்து பிரிந்த மீத்தேனை வெளியே விடும் குழாயில் ஈரம் தண்ணியாகத் தேங்கி அடைத்துக்கொண்டது. வாயு கீழ்த்தள அறையில் சேர்ந்து வெடித்தது. மூன்று பெண் ஊழியர்கள் இறந்தார்கள்.

தேங்கும் தண்ணியை வால்வைத் திறந்து வடிக்கணும். வடிவமைத்தவருக்கு அது தெரியும். நடத்தியவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. 2016-ல் உச்ச நீதிமன்றமும் வடிவமைத்தவரைக் குற்றவாளி என்றே உறுதி செய்தது.

இதைப் படித்த அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. புராஜெக்ட் கைமாறும்போது "அதெல்லாம் பார்த்தாலே புரியும்" என்று நான் எழுதாமல் விட்ட வரிகள் எத்தனை! என் கோடு நின்னா ஒரு ஸ்க்ரீன்தான் நிற்கும். அங்கே நின்னது மூணு உசிரு.

அடுத்த நாள் ஆபீஸில் முதல் வேலையா, பழைய கைமாற்றுக் குறிப்பைத் திறந்து விட்டுப்போனதையெல்லாம் எழுதினேன்.

பி.கு: ஹென்றி விதி தாழ்ந்த அழுத்தத்துக்குத்தான் கச்சிதம், உப்பும் சூடும் கணக்கை மாற்றும். கெமிஸ்ட்ரி வாத்தியார்கள் மன்னிச்சு விட்டுடுங்க :)