வலிக்குமா?



நான் கல்லூரியில் பயின்ற காலத்தில் என் கடைவாய்ப் பல் ஒன்றில் சொத்தை விழுந்தது. முதலில் குளிர்ந்த நீர் பட்டால் கூசிற்று. பின்னர் இரவில் உறங்கவொட்டாமல் குத்திற்று. கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டே ஆறு திங்களைக் கழித்தேன். கன்னம் வீங்கிய பிறகுதான் பல் மருத்துவரை நாடினேன். நாற்காலியில் அமர்ந்ததும் மூன்று வினாக்களைக் கேட்டேன்: "பூச்சி அரித்துவிட்டதா? பிடுங்கத்தான் வேண்டுமா? வலிக்குமா?"

மருத்துவர் புன்னகை செய்தார். "இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் கேட்கிறார்கள்" என்றார். அம்மூன்று வினாக்களுக்கும் நீண்ட வரலாறு உண்டு என்பதைப் பின்னாளில் நூல்களைப் படித்து அறிந்தேன். அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, பூச்சி. சொத்தைப் பல்லை நாம் பூச்சிப்பல் என்றே வழங்குகிறோம். கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு, அப்புகையை வாயில் ஏற்றால் பூச்சி உதிரும் என்று நம் பாட்டிமார் நம்பினர். இந்நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. பண்டைப் பாபிலோனியரின் களிமண் பலகையொன்றில், பற்களின் நடுவே வாழ இடம் தருமாறு புழு ஒன்று தெய்வத்தை வேண்டிய கதை காணப்படுகிறது. இடைக்கால ஐரோப்பியரும் வேறொரு செடியின் விதையை எரித்துப் புகை பிடித்தனர். 1728-இல் பல் மருத்துவம் பற்றி விரிவான நூலை வெளியிட்ட பிரெஞ்சுக்காரர் பியேர் ஃபோஷார், தாம் தேடியும் அப்புழுவைக் காணவில்லை என்றார்; இனிப்பு பல்லுக்குப் பகை என்றும் எச்சரித்தார். பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கர் மில்லர் 1890-இல் வெளியிட்ட நூல் உண்மையைத் தெளிவாக்கிற்று. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் அமிலமாக்குகின்றன. அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது.

இரண்டாவது, பிடுங்குதல். ஐரோப்பாவில் நெடுங்காலம் முடிதிருத்துவோரும் சந்தைகளில் திரிந்தோருமே பல் பிடுங்கினர். பல்வலிக்கு அவர்கள் அறிந்த மருந்து குறடு ஒன்றே. ஃபோஷாரோ சொத்தையைச் சுரண்டி எடுத்து, ஈயம், வெள்ளீயம், பொன் ஆகியவற்றால் குழியை அடைக்கும் முறையை விளக்கினார். காலத்தோடு கவனித்தால் பல்லைக் காக்க முடியும் என்பதே அதன் பொருள்.

மூன்றாவது வினாவின் வரலாறு உருக்கமானது. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹோரேஸ் வெல்ஸ் என்னும் பல் மருத்துவர் வாழ்ந்தார். 1844 டிசம்பரில் அவர் ஒரு வேடிக்கைக் காட்சிக்குச் சென்றார். அங்கே சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்த ஒருவர், தம் காலில் அடிபட்டதையும் உணராமல் இருந்தார். அனைவரும் சிரித்தனர், வெல்ஸ் சிந்தித்தார். மறுநாளே அவ்வாயுவை முகர்ந்து, தம் பல்லையே பிடுங்கச் செய்தார். வலி தெரியவில்லை.

1845-இல் பாஸ்டன் நகரில் மருத்துவர், மாணவர் முன்னிலையில் அதைச் செய்துகாட்ட முனைந்தார். வாயு போதவில்லை, நோயாளி முனகினார். கூடியிருந்தோர் எள்ளி நகையாடினர். மறு ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், அவருடைய பழைய மாணவரும் கூட்டாளியுமான வில்லியம் மார்ட்டன், அதே நகரில் ஈதரைக் கொண்டு வெற்றி பெற்றார். மனமுடைந்த வெல்ஸ் 1848-இல் தமது 33-ஆம் வயதில் இறந்தார். அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 1864-இல் அவரது கண்டுபிடிப்பை ஏற்றுச் சிறப்பித்தது. அதைக் கேட்க அவர் இல்லை.

ஆளையே மயக்காமல் ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்யும் வழியை, 1884-இல் வியன்னாவில் கண் மருத்துவர் கார்ல் கொல்லர் கொக்கெய்னைக் கொண்டு காட்டினார். பல் மருத்துவத்தில் இன்று பெரிதும் பயன்படும் லிடோகெயின் 1943-இல் சுவீடனில் உருவாயிற்று.

மீண்டும் என் நாற்காலிக்கு வருகிறேன். ஊசி சுருக்கென்றது. சற்று நேரத்தில் உதடு மரத்தது. அழுத்தத்தை உணர்ந்தேன், வலியை உணரவில்லை. கிண்ணத்தில் கிடந்த பல்லைக் காட்டி மருத்துவர், "ஆறு மாதத்துக்கு முன்னே வந்திருந்தால் அடைத்தே காப்பாற்றியிருக்கலாம்" என்றார்.

நண்பர்களே, வலிக்குமா என்ற அச்சம் ஒரு காலத்தில் நியாயமானது. அதைப் போக்குவதற்கு ஒருவர் தம் பல்லையும், பின்னர்த் தம் வாழ்வையுமே ஈந்தார். விடை கிடைத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அச்சத்தை விடாமல் பிடித்திருந்தவன் நான். அதன் விலையாக ஒரு பல்லை இழந்தேன். இன்றும் அவ்விடத்தை நாவு தடவும்போதெல்லாம் வெல்ஸை நினைக்கிறேன். உங்கள் பல் கூசத் தொடங்கும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அவரிடம் தயங்காமல் வினவுங்கள்.