திருவமுதின் அளவும் நிறையும்

திருக்கோயில்களில் இறைவற்குத் திருவமுது அமைத்தற்பொருட்டு நம் முன்னோர் விட்ட நிவந்தங்கள் பெரும்பாலும் முகத்தலளவையாற் குறிக்கப்பட்டன. அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு என்பன முகந்து அளக்கப்பட்டன. சர்க்கரை, புளி முதலியன பலத்தால் நிறுக்கப்பட்டன. இக்காலத்து மடைப்பள்ளிப் பண்டங்கள் பெரும்பாலும் நிறையாலேயே வாங்கப்படுகின்றன. அளவாற் செய்த அறம் நிறையாக மாறுங்கால் குறைவுபடாதிருத்தற்கு வழி யாது? இதுவே ஈண்டு ஆராயற்பாலது.

பழைய வாய்பாடு வருமாறு: செவிடு ஐந்து ஓர் ஆழாக்கு, ஆழாக்கு இரண்டு ஓர் உழக்கு, உழக்கு இரண்டு ஓர் உரி, உரி இரண்டு ஒரு நாழி, நாழி எட்டு ஒரு குறுணி, குறுணி இரண்டு ஒரு பதக்கு, பதக்கு இரண்டு ஒரு தூணி, தூணி மூன்று ஒரு கலம். ஆகவே கலம் ஒன்றுக்கு நாழி 96 ஆதல் காண்க.

மரக்கால் எவ்விடத்தும் ஒருதன்மைத்தன்று. அதனாலன்றோ இன்ன மரக்காலால் அளப்பது என்று கல்வெட்டுக்கள் விதந்து கூறுகின்றன! கி. பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசனது தஞ்சைக் கல்வெட்டுக்கள், ஆடவல்லான் என்னும் மரக்கால் இராசகேசரியோடு ஒக்கும் என்கின்றன. பொன் நிறுக்குங் கல்லுக்கும் ஆடவல்லான் என்பதே பெயர். அளவுக்கும் நிறைக்கும் கூத்தப்பெருமான் திருநாமமே சூட்டினர். அவற்றிற் பிழைத்தல் சிவாபராதம் என்னும் உணர்ச்சி இதனால் விளங்கும்.

இனி, காவிரி சூழ்ந்த சிராப்பள்ளி நாட்டை நோக்குவோம். சிராமலை, திருவானைக்கா, திருவரங்கம் ஆகிய மூன்று தலங்களையும் வாழ்விப்பது நெல்லே. திருவரங்கத்துக் கோயிலுள் வட்டவடிவான பெருங்களஞ்சியங்களை இன்றுங் காணலாம். நெல்லை அரிசியாக்குங்கால், ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்னும் ‘ஐஞ்சிரண்டு வண்ணம்’ சோழர் காலத்து வழக்கு. இது முகந்து கண்ட விகிதம். உமியோடு கூடிய நெல், அதே நாழி அரிசியினும் நிறையிற் குறைந்தது. ஆதலின் நிறுத்து நோக்கின் 100க்கு 40 என்னும் இவ்விகிதம் மிகும். முகத்தல் விகிதத்தை நிறைக்கு அப்படியே ஏற்றிக் கணக்கிடுவோர் இறைவற்குரிய அரிசியைக் குறைத்தவராவர்.

பொருள்தோறும் இவ்வேற்றுமை உண்டு. அப்புத்தலமாகிய திருவானைக்காவினை நினைவார்க்கு ஒன்று இனிதாகும்: மேனாட்டு நிறையளவைக்கும் முதற்கண் அடிப்படையாயது நீரே. 1795இல் பிரெஞ்சு நாட்டார் நீரைக்கொண்டே கிராம் என்பதை வரையறுத்தனர். ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 1000 கிராம். நெய் 910 கிராம் அளவிற்று. அரிசி 820 கிராம் அளவிற்று. அரிசிக்குக் கண்ட நிறையையே நெய்க்குங் கொள்ளின் பத்திலொரு பங்கு குறையும். நந்தா விளக்கொன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளந்த அறத்தில், ஓர் யாண்டின்கண் 36 நாள் விளக்கு எரியாதொழியும். சிறுபிழை என்று இதனை இகழலாகாது.

பிற்காலத்துச் சென்னை மாகாணத்தில் மூன்று தோலா, அஃதாவது ஏறக்குறைய 35 கிராம், ஒரு பலமாயிற்று. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் படிப்படியே நடைமுறைக்கு வந்தது. பிற்காலப் பலத்தைச் சோழர் காலத்துப் பலமெனத் துணிதல் பொருந்தாது. பெயரொற்றுமை அளவொற்றுமை ஆகாது.

ஆதலின் செய்யத்தக்கது இது: கோயிலில் வழங்கிய மரக்காலோ நாழியோ உளதாயின் அதனையே கொள்க. தலைதட்டி அளப்பதோ, குவித்து அளப்பதோ, அவ்விடத்து வழக்கறிந்து அவ்வாறே அளக்க. ஒவ்வொரு பண்டத்தையும் தனித்தனியே பன்முறை முகந்து நிறுத்து, நடுவளவு கண்டு, கோயிற் கணக்கில் எழுதி வைக்க. சந்திராதித்தர் உள்ளவரை நிற்க என்று அறம் வைத்தார் கருத்து, அளவைக்கருவி மாறினும் மாறாது நிற்றல் இதனாற் கைகூடும்.