ஓடும் வீடு: செகண்ட் ஹேண்ட் மோட்டார்ஹோமும் அமெரிக்கர்களின் ஓய்வுக் காலமும்

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் ஏறி இறங்கும் ஏ.சி. வண்டிதான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் அதே மாதிரி வண்டிக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் வேறு ஆள். முப்பது, நாற்பது வருடம் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு தாத்தாவும் பாட்டியும்! சமையலறை, படுக்கை, கழிவறை, இன்ஜின் எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கும் அந்த வண்டிக்கு அங்கே மோட்டார்ஹோம் என்று பெயர். சொந்த வீட்டை விற்றுவிட்டு அதிலேயே குடியேறுகிறவர்களும் உண்டு.

புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் பலர் செகண்ட் ஹேண்ட் வண்டிதான் தேடுகிறார்கள். வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று அனுபவசாலிகள் ஒரு பெரிய பட்டியலே வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் ஒரே நாளில் எழுதப்பட்டதல்ல. அதில் உள்ள பல வரிகளுக்குப் பின்னால் ஒரு காலகட்டமும், யாரோ இழந்த பணமும் இருக்கின்றன. இந்த வண்டியின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் பட்டியல் தானாகவே புரிந்துவிடும்.

பணக்காரர்களின் பொம்மை

1910-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த கண்காட்சியில் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் 'டூரிங் லாண்டோ' என்ற காரைக் காட்டியது. பின் இருக்கையை மடித்தால் படுக்கை, கை கழுவத் தொட்டி, கழிவறைப் பாத்திரம் என்று சகல வசதியும் இருந்தது. 1915-ல் ரோலண்ட் காங்க்ளின் என்ற தொழிலதிபர் ஒரு பேருந்தையே வீடாக மாற்றி, குடும்பத்தோடு நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வரை போனார். இதெல்லாம் பெரிய மனிதர்கள் சமாச்சாரம்.

சாமானியர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஃபோர்டு காருக்குப் பின்னால் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, டின்னில் அடைத்த உணவோடு ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பினார்கள். 1919-ல் டாம்பா நகரில் இவர்கள் ஒரு சங்கமே அமைத்தார்கள். அதன் பெயர் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'. குளிர்காலத்தில் தெற்கே இறங்கி, கோடையில் ஊர் திரும்பும் பழக்கம் அப்போதே வேர்விடத் தொடங்கியது.

மாதச் சம்பளமும் நெடுஞ்சாலையும்

ஊர் சுற்ற ஆசை இருந்தால் போதுமா? மாதாமாதம் காசு வர வேண்டுமே! 1935 ஆகஸ்ட் 14-ல் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1940 ஜனவரியில் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர் என்ற பெண்மணிக்கு முதல் மாதக் காசோலை போனது. தொகை 22 டாலர் 54 சென்ட். ஒரு ஊழியர் வேலை செய்யாமல் ஓரிடத்தில் இருந்தாலும், ஊர் ஊராகப் போனாலும் அந்தப் பணம் வரும். 65 வயதில்தான் கிடைத்த அந்தப் பென்ஷனை, சற்றுக் குறைந்த தொகையாக 62 வயதிலேயே பெறலாம் என்ற சலுகை பெண்களுக்கு 1956-லும் ஆண்களுக்கு 1961-லும் வந்தது.

அதே 1956-ல் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் 41,000 மைல் (ஏறக்குறைய 66,000 கிலோமீட்டர்) நீள இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைத் திட்டம் தொடங்கியது. காசு வந்தது, சாலை வந்தது. வண்டி மட்டும் பாக்கி.

பாடம் 1: தண்ணீர்தான் முதல் எதிரி

1958-ல் மிச்சிகன் மாநிலத்தின் ரேமண்ட் ஃபிராங்க் தன் குடும்பத்துக்காக ஒரு வண்டியைக் கட்டினார். பார்த்தவர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்க, அதுவே அவருக்குத் தொழிலானது. ஆனால் விலையைத் தரையிறக்கியது அயோவா மாநிலத்தின் வின்னபேகோ நிறுவனம்தான். 1966-ல் தன் முதல் மோட்டார்ஹோமைப் போட்டியாளர்களின் விலையில் ஏறக்குறைய பாதிக்கு விற்றது. வெளியே அலுமினியத் தகடு, நடுவே நுரை, உள்ளே பலகை என்று சாண்ட்விச் போலச் சுவரைத் தயாரித்து, தொழிற்சாலை வரிசையில் பொருத்தியதுதான் ரகசியம்.

மெல்லிய சுவர், மரச்சட்டம், ஒட்டுப்பலகை, பசை. இந்தத் தொழிலில் பலரும் கட்டியது இப்படித்தான். எடையும் விலையும் குறைந்தன. ஆனால் சாலையின் ஒவ்வொரு குலுக்கலிலும் இணைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். கூரையில் பூசிய சீலண்ட் வெடிக்கும். அங்கே நுழையும் ஒரு சொட்டு நீர் சுவருக்குள் இறங்கி, வெளியே தெரியாமல் மரத்தை அழுக வைக்கும். இன்ஜினைக்கூட மாற்றிவிடலாம். அழுகிய சட்டத்தைச் சரிசெய்யச் சுவரையே பிரிக்க வேண்டும். பல பழைய வண்டிகளில் அந்தச் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினை அல்ல! கூரையில் ஏறிப் பாருங்கள். ஜன்னலுக்குக் கீழும் மூலைகளிலும் விரலால் அழுத்துங்கள், மெத்தென்று உள்வாங்கினால் உள்ளே அழுகல். வெளிச்சுவரில் கொப்புளம் போல உப்பியிருந்தால் அடுக்குகள் பிரிந்துவிட்டன என்று பொருள். ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை உள்ள ரகத்தில் அந்தப் பரணின் முன்மூலையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மழை பெய்த மறுநாள் போவது உத்தமம். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் சந்தேகப்படுவது இன்னும் உத்தமம்.

1990-ல் நியூமார் நிறுவனம், நிறுத்தியதும் பக்கவாட்டில் வெளியே நீளும் அறையை அறிமுகப்படுத்தியது. 'ஸ்லைடு-அவுட்' என்று பெயர். உள்ளே இடம் தாராளமாயிற்று, கூடவே தண்ணீர் நுழைய இன்னொரு வழியும் திறந்தது! அதை நாலைந்து முறை இழுத்து மூடிப் பார்ப்பதும், அதன் ரப்பர் விளிம்பையும் அடித்தரையையும் தடவிப் பார்ப்பதும் அவசியம்.

பாடம் 2: ஓட்டும் செலவும் உதிரி பாகமும்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்ரோல் விற்க வேண்டாம் என்று பங்குகளை அதிபர் நிக்சன் கேட்டுக்கொண்டார். 1974-ல் நாடெங்கும் வேக வரம்பு மணிக்கு 55 மைலாகக் குறைக்கப்பட்டது. மோட்டார்ஹோம் விற்பனை படுத்துவிட்டது.

பெரிய பெட்ரோல் மோட்டார்ஹோம் இன்றைக்கும் லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் கொடுக்கும். ஒரு கணக்குப் போடலாம். வருடம் 16,000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு மூன்றரை என்று வைத்தாலும், 4,500 லிட்டருக்கு மேல் வேண்டும். பென்ஷன் தொகை வாங்கும்போதே தெரியும். பெட்ரோல் விலை தெரியாது. வண்டி விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் 1973-74-ல் கற்ற பாடம் இது.

அந்தச் சோதனைக் காலத்தில்தான் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஜி.எம்.சி. மோட்டார்ஹோமைக் கொண்டுவந்தது. 1973 முதல் 1978 வரை தயாரானவை ஏறக்குறைய 13,000 மட்டுமே. முன்சக்கர இயக்கம், தாழ்வான தளம், அலுமினியமும் ஃபைபர் கிளாஸும் கொண்ட உடல். தயாரிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அவற்றில் கணிசமானவை ஓடிக்கொண்டிருந்தன. காரணம் இரண்டு: உடற்கூடு மரத்தால் ஆனதல்ல. அடுத்தது, உரிமையாளர்கள் சங்கம் வைத்து, பாகங்களையும் பழுதுபார்க்கும் அறிவையும் பகிர்ந்துகொண்டார்கள். வண்டி பழையதா என்பதோடு, அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்களா என்பதையும் கேட்க வேண்டும்.

பாடம் 3: ஓடாத வண்டி புது வண்டி அல்ல

"பன்னிரண்டு வருட வண்டி, 15,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது" என்று விற்பவர் சொன்னால் மகிழ வேண்டாம். சும்மா நின்ற வண்டியில் ரப்பர் காயும், பெட்ரோல் கெட்டுப் பிசினாகும், டயர் உள்ளுக்குள் சாகும். பள்ளங்கள் புதிது போல இருந்தாலும் டயரின் வயதுதான் கணக்கு. 2000-ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் பிறந்த தேதியைச் சொல்லும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். ஆறேழு வருடம் தாண்டியிருந்தால் மொத்தமாக மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

ஜெனரேட்டரில் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டர் இருக்கும். மிக அதிகமும் சந்தேகம், மிகக் குறைவும் சந்தேகம். ஏ.சி.யைப் போட்டுச் சுமையோடு ஓட்டிப் பார்ப்பதே சரி.

பல வண்டிகளில் உள்ள ஃபிரிட்ஜ் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி அல்ல. 1922-ல் வான் பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இரண்டு சுவீடன் மாணவர்கள் உருவாக்கிய முறையில், அம்மோனியாவைச் சூடாக்கிக் குளிர்விப்பது அது. கம்ப்ரசர் கிடையாது. அது குளிர மணிக்கணக்காகும். எனவே முந்தின நாளே போட்டுவைக்கச் சொல்ல வேண்டும். பின்பக்கம் மஞ்சள் பொடியோ அம்மோனியா நெடியோ இருந்தால் கசிவு. 2000-களில் தீ அபாயம் காரணமாக இத்தகைய ஃபிரிட்ஜ்கள் லட்சக்கணக்கில் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தப் பழுது நீக்கப்பட்டதா என்று ரசீது கேட்பது முக்கியம்.

இன்னொன்று, எடை. எவ்வளவு சாமான் ஏற்றலாம் என்று வண்டிக்குள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 300 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 300 கிலோ. வீட்டைக் காலி செய்து வருகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். டயர் மறக்காது!

பாடம் 4: காகிதத்தைப் பார்

2005-ல் கத்ரீனா புயல் அடித்தது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் துடைத்து மெருகேற்றப்பட்டு, வேறு மாநிலத்தில் சுத்தமான பதிவோடு விற்பனைக்கு வந்தன. ஒரு மாநிலத்தின் ஆவணத்தில் உள்ள கறை இன்னொரு மாநிலத்தில் காணாமல் போய்விடும். இதைத் தடுக்கவே தேசிய வாகன உரிமைத் தகவல் அமைப்பு 1992 சட்டத்தின்படி உருவாக்கப்பட்டது. பொதுமக்கள் அதைப் பார்க்க வழி திறந்தது 2009-ல்தான். வண்டியின் 17 இலக்க எண்ணை வைத்து அதில் தேடுவது சில டாலர் செலவு.

அதே புயலில் வீடிழந்தவர்களுக்கு அரசு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இழுவை வீடுகளைக் கொடுத்தது. பலவற்றில் பலகையிலிருந்து கிளம்பிய ஃபார்மால்டிஹைடு வாயு கண்ணையும் மூச்சையும் எரித்தது. 2008-ல் அரசின் சோதனையே அதை உறுதி செய்தது. குடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவை ஏலத்தில் விற்கப்பட்டன. ஆனாலும் 2010-ல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளர்கள் அவற்றில் குடியிருந்தார்கள்! விலை ஏன் இவ்வளவு மலிவு என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் வாங்கவே கூடாது.

பாடம் 5: வீடா, வண்டியா?

1986-ல் வந்த வரிச் சீர்திருத்தம் கார் கடன், கார்டு கடன் போன்றவற்றின் வட்டிக்கு இருந்த வரிக்கழிவை நிறுத்தியது. முதல் வீட்டுக்கும் இரண்டாவது வீட்டுக்கும் மட்டும் விட்டுவைத்தது. படுக்கை, சமையல், கழிவறை மூன்றும் இருந்தால் மோட்டார்ஹோமும் வீடுதான் என்றது வரித்துறை. விற்பனையாளர்களுக்குக் கொண்டாட்டம்! 15, 20 வருடக் கடனில், 'இது வீடு' என்றே விற்றார்கள்.

ஆனால் சந்தைக்கு அது வண்டி. நிலத்தோடு கூடிய வீட்டின் மதிப்பு காலப்போக்கில் ஏறலாம். சக்கரத்தின் மேல் உள்ள வீட்டுக்குத் தேய்மானம் மட்டுமே. கடன் மெதுவாகக் குறையும், விலை வேகமாகக் குறையும். நடுவில் விற்க நேர்ந்தால் வண்டியையும் கொடுத்து, கைக்காசும் கொடுக்க வேண்டியிருக்கும்.

2008-ல் இது மொத்தமாக வெடித்தது. பங்குச் சந்தை ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது, வீட்டு விலையும் சரிந்தது. இந்தத் தொழிலின் தலைநகரான இண்டியானாவின் எல்க்ஹார்ட் பகுதியில் 2009-ல் வேலையின்மை 15 சதவீதத்தைத் தாண்டியது. ஃப்ளீட்வுட், மொனாக்கோ என்ற இரண்டு பெரிய பெயர்கள் 2009 மார்ச்சில் திவால் மனு கொடுத்தன. அவற்றை வேறு நிறுவனங்கள் வாங்கின. ஆனாலும் பழைய வண்டி வைத்திருந்தவர்களுக்குத் தலைவலிதான். சேஸிஸும் இன்ஜினும் பெரும்பாலும் வேறு நிறுவனத் தயாரிப்பு என்பதால் அவற்றின் பாகம் கிடைக்கும். முன்கண்ணாடி, கதவு, ஸ்லைடு-அவுட் மோட்டார் போன்றவற்றுக்கு அலைய வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவருக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. ஆரம்ப வருடங்களின் பெரிய தேய்மானத்தை முதல் சொந்தக்காரர் சுமந்துவிட்டார். அந்த லாபம் கையில் நிற்க வேண்டுமானால் கடன் வாங்காமல் அல்லது மிகக் குறைந்த கடனில் வாங்க வேண்டும். விலையில் ஒரு பகுதியை முதல் வருடப் பழுதுக்காகத் தனியே எடுத்து வைக்க வேண்டும். விற்பவருக்கு வேண்டாத ஒரு தனி மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். இன்ஜினை முன்கூட்டியே சூடேற்றி வைக்காமல், ஆறிய நிலையில் கிளப்பச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், அதே மாதிரி வண்டியை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து அதில் வாழ்ந்து பார்க்க வேண்டும். முழங்கால் வலியோடு அந்தப் படியில் ஏற முடிகிறதா, இரவில் ஒருவர் எழுந்தால் மற்றவர் தூங்க முடிகிறதா என்பதை எந்த மெக்கானிக்கும் சொல்ல மாட்டார்.

கடைசிப் பாடம்: எப்படி இறங்குவது?

1978-ல் ஜோ, கே பீட்டர்சன் தம்பதியர் முழு நேரமும் வண்டியில் வாழ்பவர்களுக்காக 'எஸ்கேப்பீஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் ஊரில் அதன் தலைமையகம். நிலையான முகவரி இல்லாதவர்களுக்குக் கடிதங்களை வாங்கி அனுப்புவது அதன் முக்கியச் சேவை. காலம் போகப் போக இன்னொரு தேவை முளைத்தது. உறுப்பினர்களுக்கு வயதானது. கண் மங்கியது, துணை இறந்தது, ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. போவதற்கு வீடு இல்லை, அதை விற்றுத்தானே கிளம்பினார்கள்! அவர்களுக்காக அங்கேயே ஒரு பராமரிப்பு மையம் உருவானது. வண்டியை நிறுத்திவிட்டு, அதே வண்டிக்குள் வாழ்ந்தபடி, சாப்பாடும் உதவியும் பெறலாம்.

செகண்ட் ஹேண்ட் மோட்டார்ஹோம் வாங்குகிறவர் கூரை, டயர், பதிவு எல்லாவற்றையும் சோதித்த பிறகும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். ஓட்ட முடியாத நாள் வந்தால் எங்கே போய் நிற்பது? அப்போது இந்த வண்டியை விற்றால் என்ன கிடைக்கும்? முப்பது வயதில் தப்பான வண்டி வாங்கினால் அடுத்த பத்து வருடத்தில் சம்பாதித்து ஈடுகட்டிவிடலாம். அறுபத்தைந்து வயதில் அதற்கு வழியில்லை. அதனால்தான் அந்தப் பட்டியல் அவ்வளவு நீளம்.