வானூர்தி நிதியும் பினாங்குத் தீவும்

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கிடக்கும் கடலில் கெர்ன்சி, ஜெர்சி முதலிய சிறு தீவுகள் சில உள்ளன. கடலில் காணாமற்போன மீனவரையும் படகினரையும் வானிலிருந்து தேடுவதற்கென அத்தீவு மக்கள் 1980-ஆம் ஆண்டில் ஓர் அமைப்பை நிறுவினர். விமானத்தை ஓட்டுவோரும், சாளரத்தருகே அமர்ந்து அலைகளைத் துருவிப் பார்ப்போரும் ஊதியம் பெறாத தொண்டர்களே. விமானத்தின் விலையும் எரிபொருட் செலவும் பொதுமக்கள் நன்கொடையாலும் லயன்ஸ் சங்கங்கள் போன்றவற்றின் உதவியாலும் ஈடுசெய்யப்பட்டன. 2013 நவம்பரில் தேடுதலுக்குப் புறப்பட்ட அவ்விமானம், இயந்திரங்கள் நின்றுபோக, ஜெர்சித் தீவின் வயல் ஒன்றில் இறங்கிச் சேதமுற்றது. உள்ளிருந்த ஐவரும் பிழைத்தனர். தீவினர் தளரவில்லை, பின்னர் வேறொரு விமானத்தைப் பெற்றுப் பணியைத் தொடர்ந்தனர்.

மக்கள் காசு சேர்த்து விமானம் வாங்குவது பேராக் மாநிலத்துக்குப் புதிய செய்தியன்று. விமானம் என்பதையே பெரும்பாலோர் கண்டிராத காலத்தில், பத்து காஜாவில் இருந்துகொண்டு ஒருவர் அத்தகைய நிதியைத் தொடங்கி உலகறியச் செய்தார். அவர் பெயர் சார்ல்ஸ் ஆல்மா பேக்கர். 1857-இல் நியூசிலாந்தில் பிறந்தவர். நில அளவைத் தொழில் கற்றவர். 1890-ஐ ஒட்டிப் பேராக்குக்கு வந்து கிந்தாப் பள்ளத்தாக்கில் நிலம் அளக்கும் ஒப்பந்தங்களை எடுத்துப் பின் தோட்ட முதலாளியானவர். பத்து காஜாவுக்கு அருகே முடிவுறாத மாளிகையை விட்டுச்சென்ற கெல்லி ஸ்மித் துரையும் முதலில் இவரோடு வேலை செய்து முன்னுக்கு வந்தவரே. அம்மாளிகையைக் கட்டிய தமிழ்த் தொழிலாளர் கொள்ளைநோயில் மாண்டபோது மாரியம்மனுக்குக் கோயில் எழுந்ததும், அக்கோயிலின் மேல் தொப்பி அணிந்த துரையின் உருவம் நிற்பதும் அப்பக்கத்தார் அனைவரும் அறிந்தவை.

முதல் உலகப் போர் மூண்ட மறு ஆண்டு, 1915-இல், பேக்கர் மலாயா விமான நிதியைத் தொடங்கினார். ஏற்பாடு எளிது. 1,500 பவுன் கொடுத்தால் ‘பி.இ. 2சி’ என்னும் விமானம் ஒன்று. 2,250 பவுன் கொடுத்தால் துப்பாக்கி பொருத்திய விக்கர்ஸ் விமானம் ஒன்று. கொடுத்தவர் பெயரோ ஊர்ப் பெயரோ அதன் உடலில் எழுதப்படும். அவ்விமானம் வீழ்ந்தால் அப்பெயர் வேறொரு விமானத்துக்கு மாற்றி எழுதப்படும். ஆகவே ஓட்டி மடியலாம், இயந்திரம் எரியலாம், ஆனால் நன்கொடையாளர் பெயருக்கு அழிவில்லை! நிதி திரட்டுவோர் மனித இயல்பை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

சுல்தான்களும், ஈயச் சுரங்கத்தாலும் ரப்பராலும் செழித்த சீனத் தவுக்கேமார்களும், தோட்டத் துரைமார்களும் கொடுத்தனர். பேராக்கின் பெருஞ்செல்வரான இயூ தோங் சென் விமானம் ஒன்றும், அதனோடு அமையாது போர்வண்டி ஒன்றும் அளித்தார். சீனப் படகுகளின் முகப்பில் தீட்டுவது போல அவ்வண்டியின் முகப்பில் இரண்டு கண்கள் தீட்டப்பட்டன. கண் இல்லாத வண்டிக்கு வழி தெரியாது என்பது அவர்கள் வழக்கு. பேக்கர் ஆஸ்திரேலியாவிலும் இதே முறையைப் பரப்பினார். போர் முடிந்தபோது மலாயாவின் பெயரால் 53, ஆஸ்திரேலியாவின் பெயரால் 41, ஆக 94 விமானங்கள் அளிக்கப்பட்டிருந்தன. அவற்றின் வரலாற்றை அவரே நூலாகவும் வெளியிட்டார்.

இதற்குமுன் மலாயா அளித்த போர்க்கப்பலின் கதை வேறு. 1912-இல் பேராக் சுல்தான் இத்ரிஸ் கூட்டரசு மன்றத்தில் ஆதரித்துப் பேச, ‘மலாயா’ என்னும் பெயருடன் கட்டப்பெற்ற அக்கப்பலுக்கு அரசாங்க வருவாயிலிருந்தே பணம் சென்றது. 1916-இல் ஜட்லாந்துக் கடற்போரில் அது அடியும் பட்டது. அதில் யாரும் யாரையும் கேட்டுக் காசு வாங்கவில்லை. விமான நிதியோ தானே முன்வந்து கொடுப்பது என்னும் பெயர் பெற்றது. ஆயினும் அந்தத் தானமும் பால்மரத்திலிருந்து வடிந்ததே என்பதையும், மரத்தை வெட்டிய கைகள் யாருடையவை என்பதையும் தோட்டத்தில் வாழ்வோர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1940-இல் இரண்டாம் முறை. பிரிட்டனில் ஸ்பிட்பயர் நிதி எழுந்தது. ஒரு ஸ்பிட்பயரின் விலை 5,000 பவுன் என்று மதிப்பிட்டு அறிவித்தனர். உண்மையில் அடக்கவிலை அதனினும் மிகுதி. முழு விமானம் வாங்க இயலாதோர் உறுப்பு வாங்கலாம்: ஓர் இறக்கை 2,000 பவுன், ஓர் ஆணி ஆறு பென்ஸ். மலாயாவிலும் செய்தித்தாள்கள் வாயிலாகவும் சங்கங்கள் வாயிலாகவும் நிதி திரண்டது. எண்பது வயதைக் கடந்த பேக்கரும் மீண்டும் முன்வந்தார். மலாயாக் கூட்டரசின் பெயரைத் தாங்கிய 214-ஆம் படைப்பிரிவு ஜெர்மனியின் மேல் குண்டுவீசியது. சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கிய 264-ஆம் படைப்பிரிவு இங்கிலாந்தின் இரவு வானைக் காத்தது.

இங்கே சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். அந்நாளில் ஒரு வெள்ளிக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ். எனவே 5,000 பவுன் என்பது ஏறத்தாழ 42,857 வெள்ளி. தோட்டத்து ஆணாளுக்கு நாட்கூலி 50 காசு. முந்நூறு ஆண்கள் வேலை செய்யும் தோட்டமொன்றில் அனைவருடைய கூலியையும் ஒரு காசு விடாமல் எடுத்துவைத்தால், 286-ஆம் நாள் ஒரு ஸ்பிட்பயர் வாங்கலாம். ஆறு பென்ஸ் ஆணியோ 21 காசு. பாதி நாள் உழைப்புக்குச் சற்றுக் குறைவு.

அதே 1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நாட்கூலியை 60 காசாக உயர்த்தும்படி கேட்டனர். பத்துக் காசு! அதனோடு துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்குமாறும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுமாறும் கேட்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பத்திரிகையாளர் ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். போர்க் காலத்தில் ரப்பர் உற்பத்தி தடைப்படலாகாது என்பது அரசு கூறிய காரணம். வானுக்குக் கொடுக்கப் பணம் இருந்த இடத்தில் நிலத்தில் நின்றவனுக்குப் பத்துக் காசு இல்லாமற்போனது, வரவு செலவுக் கணக்கால் விளங்கக்கூடியதன்று.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அன்று மலாயாவில் இருந்த ஸ்பிட்பயர் விமானங்களின் எண்ணிக்கை சுழி. காவலுக்கு இருந்தவை பஃபலோ என்னும் பருத்த, மெதுவான விமானங்கள். அவற்றுட் சில ஈப்போவிலிருந்தும் சில நாள் பறந்து பார்த்தன. மலாயாவின் பணத்தில் பிறந்த விமானங்கள் எந்த வானில் பறக்கவேண்டும் என்பதை மலாயா முடிவு செய்யவில்லை. நிதி கொடுத்த நாளிலேயே அந்த உரிமையும் கைமாறிவிட்டது. கெர்ன்சித் தீவாரின் நிதிக்கும் பத்து காஜாவில் தோன்றிய நிதிக்கும் உள்ள வேற்றுமை இதில்தான் இருக்கிறது, தொகையில் இல்லை.

டிசம்பர் 11-ஆம் நாள் பினாங்குத் தீவின் மேல் ஜப்பானிய விமானங்கள் வந்தன. ஜார்ஜ் டவுன் மக்கள் பதுங்கவில்லை. வருவது நம்மவர் விமானம் என்றெண்ணித் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தனர். ஆண்டுக்கணக்காக விமான நிதியைப் பற்றியே கேட்டு வந்தவர்கள் வேறு எப்படி எண்ணுவார்கள்? தீவில் விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், தீயணைப்பு நிலையமே குண்டுக்கு இரையானது. 16-ஆம் நாள் இரவு ஐரோப்பியர் ஓசையின்றிக் கப்பலேறினர். ஆசியக் குடிகளுக்கு அதில் இடமில்லை.

இதே கதி பதினெட்டு மாதத்துக்கு முன் கெர்ன்சித் தீவுக்கும் நேர்ந்தது என்பது வியப்பான ஒற்றுமை. 1940 ஜூனில் பிரிட்டிஷ் அரசு அத்தீவுகளிலிருந்து படைகளை விலக்கிக்கொண்டது. விலக்கிக்கொண்டதைப் பகைவனுக்கு உடனே தெரிவிக்கவில்லை. 28-ஆம் நாள் துறைமுகத்தில் தக்காளி ஏற்ற வரிசையாக நின்ற லாரிகளைப் படை வண்டிகள் என்று கருதி ஜெர்மானியர் குண்டு வீசினர். முப்பதுக்கு மேற்பட்டோர் அங்கே இறந்தனர். பின்னாளில் அத்தீவினர் தங்களுக்கெனத் தேடுதல் விமானம் வைத்துக்கொண்டதற்கு இது காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் தொலைவிலிருந்து வரும் உதவியின் தன்மையை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்று சொல்லலாம்.

பினாங்கில் எஞ்சியோரைக் காக்க முன்வந்தவர் யாழ்ப்பாணத் தமிழ் மரபினரான ம. சரவணமுத்து. ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியர். கிரிக்கெட் ஆட்டத்தில் விருப்பம் மிக்கவர். ஆள்வோர் அகன்ற நகரில் அவர் கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். பல இனத்தாரையும் சேர்த்து ஒரு சேவைக் குழு அமைத்தார். பிணங்களை அப்புறப்படுத்துவது, உணவைப் பங்கிடுவது, கொள்ளையைத் தடுப்பது ஆகியவை அன்றைக்கு வேண்டியிருந்த வேலைகள். பிரிட்டிஷார் போய்விட்டனர் என்னும் செய்தி எதிரிக்கு எட்டினாலன்றிக் குண்டுவீச்சு நிற்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அதற்கும் வழி செய்யப்பட்டது. 19-ஆம் நாள் ஜப்பானியர் தீவுக்குள் புகுந்தபோது எதிர்க்க ஒருவரும் இல்லை. கொடியை இறக்கியதை விசுவாசக் குறைவு என்று அன்று எண்ணியோரும் இருந்திருக்கலாம். எனினும் அந்தக் கயிற்றை அவர் இழுத்ததால் பிழைத்த உயிர்கள், அந்த வாரத்தில் எந்த விமானமும் பினாங்கில் காத்த உயிர்களைவிட அதிகம். விடுதலைக்குப் பின் அவர் இலங்கையின் தூதராக இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் பணிபுரிந்தார். தம் வாழ்க்கையை எழுதியும் வைத்தார்.

ஆல்மா பேக்கர் இவற்றைக் காணவில்லை. ஜப்பானியர் வருவதற்கு முன்பே 1941-இல் அவர் மறைந்துவிட்டார். நியூசிலாந்தில் பண்ணை வாங்கியிருந்த அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை வேளாண்மை ஆராய்ச்சிக்கு உதவி வந்திருக்கிறது.

டிசம்பர் இறுதிக்குள் கமுந்திங், தைப்பிங், ஈப்போ எல்லாம் ஜப்பானியர் வசமாயின. வடக்கே ஜித்ராவிலிருந்து பின்வாங்கி வந்த இந்தியப் படைவீரர்கள் இவ்வழியாகவே தெற்கே சென்றனர். போருக்குப் பின், வழியோரங்களிலும் தோட்டங்களிலும் புதைக்கப்பட்டிருந்தவர்களை எடுத்து வந்து ஓரிடத்தில் சேர்த்தனர். அதுவே கமுந்திங்கிலிருந்து சில மைல் தொலைவில், லாருத் மலைக்கு ஏறும் சாலையின் இருபுறமும் அமைந்துள்ள தைப்பிங் போர்க் கல்லறை. 850-க்கு மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். அவர்களுள் 500-க்கு மேற்பட்டோரின் கற்களில் பெயர் எழுதப்படவில்லை.