முகவுரையில் இடம்பெறாத கடவுள்

ஒரு நாடு மதத்தின்மீது நிறுவப்பட்டதா என்று வினவும்போது நிறுவியோரின் பக்தியையே சான்றாகக் காட்டுவது வழக்கம். அது போதாது என்பதைக் கேரள வரலாறு உணர்த்துகிறது.

1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மர் திருவிதாங்கூரைத் திருப்படித்தானமாகப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்து, 'பத்மநாபதாசர்' என ஆண்டார். போரில் வென்ற நிலம் இறைவனுடைமையாயிற்று. அரசனை எதிர்ப்பது இறைவனை எதிர்ப்பதாயிற்று. அங்கே மதமே ஆட்சியுரிமையின் ஆவணம்.

அம்மண்ணிலிருந்து சென்ற பட்டம் தாணுப்பிள்ளை, 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் மாறுபட்ட நிலையெடுத்தார். முகவுரை 'கடவுளின் பெயரால்' எனத் தொடங்கவேண்டும் என்பது எச்.வி. காமத்தின் திருத்தம். அது நம்பிக்கையைக் கட்டாயமாக்கும் என்றார் தாணுப்பிள்ளை. கடவுளை வாக்கெடுப்புக்கு உள்ளாக்கும் சங்கடம் வேண்டாம் என வேண்டினார் பூர்ணிமா பானர்ஜி. எனினும் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68.

அமெரிக்கா கிறித்தவ நாடாக நிறுவப்பட்டதா என்ற விவாதத்திற்கும் இவ்வளவுகோல் பொருந்தும். அதை நிறுவியோருள் பக்தர் பலர்; 1787ஆம் ஆண்டு அரசமைப்போ அதிகாரத்தின் ஊற்றாக மக்களையே சுட்டுகிறது. நிறுவியோரின் நம்பிக்கை வேறு, நாட்டின் அடித்தளம் வேறு. அதிகாரம் எவர் பெயரால் கோரப்படுகிறது என்பதே வரலாற்று மாணவர் முதலில் எழுப்பவேண்டிய வினா.