சாதிக் கட்டமும் ஆம்ஸ்டர்டாம் அட்டைகளும்

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஜனங்கள் விண்ணப்பத்தில் எழுதித் தரும் பேர், ஊர், சாதி எல்லாம் போய் விழுகிற இடத்தைக் கட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. 'டேட்டாவுக்கு ஏதுப்பா சாதி' என்று கூட இருப்பவர்கள் சொல்லும்போது எனக்கு நெதர்லாந்து ஞாபகம் வரும்.

1930களில் அந்த நாட்டு மக்கள் பதிவேட்டில் ஆளுக்கொரு அட்டை வந்தது. அதில் மதமும் உண்டு. யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, ஜனங்களும் பயமில்லாமல் சொன்னார்கள். 1940 மே மாதம் ஹிட்லரின் படை உள்ளே வந்தது. 1941ல் யூதர்கள் தனியாகப் பதியணும் என்று ஆணை. அதே வருஷம் ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஊழியர்கள் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு புள்ளிக்குப் பத்து யூதர். (நம்ம ஊர்களில் சேரி எங்கே என்று காட்டப் புள்ளிகூட வேண்டாம், அது வேற.)

பதிவேட்டுத் துறைத் தலைவர் யாக்கோபுஸ் லென்ட்ஸ் நாஜிக் கட்சிக்காரர் அல்ல. தொழிலில் கெட்டிக்காரர். கள்ளத்தனமாக அடிக்க முடியாத அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். அந்த நேர்த்திதான் தலைமறைவானவர்களின் கழுத்தை நெரித்தது. சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். பதிவேடு மட்டுமே காரணமில்லை. ஆனால் அது இல்லாமல் இவ்வளவு சுளுவாக நடந்திருக்காது.

1943 மார்ச் 27 ராத்திரி, ஓவியர் வில்லெம் அரோண்டேயஸும் தோழர்களும் போலீஸ் உடுப்பில் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். காவலர்களுக்கு மயக்க ஊசி போட்டு வெளியே கிடத்திவிட்டு வெடி வைத்தார்கள். தீயணைப்புக்காரர்கள் வேணுமென்றே தாமதமாக வந்து, அட்டைகள் ஊறிப்போகும்படி தண்ணீர் அடித்தார்கள். அப்படியும் அழிந்தது ஒரு சிறு பங்குதான். ஜூலை 1ல் பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அரோண்டேயஸ் ஆணை நேசித்த ஆண். தன்னைப் போன்றவர்கள் கோழைகள் இல்லை என்று எல்லாருக்கும் சொல்லச் சொல்லிவிட்டுச் செத்தார்.

அப்ப நம்ம சாதிக் கட்டத்தையும் அடிச்சிட்டாப் போதுமா? மேல்சாதி நண்பர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நம்மால் முடியாது. உதவித்தொகை, இடஒதுக்கீடு, வன்கொடுமை வழக்கு எல்லாம் அந்தக் கட்டத்தைப் பிடித்துத்தான் நிற்குது. ஆனா உதவித்தொகைக்குக் கொடுத்த சாதி, வேலைக்கு ஆள் எடுக்கிறவன் கண்ணில் ஏன் படணும்? அதை யார் யார் திறக்கலாம் என்று டைப் செய்வது எங்களை மாதிரிக் குமாஸ்தாக்கள்தான். 2019ல் வந்த தரவுப் பாதுகாப்பு மசோதாவில், கூடுதல் காவல் தேவைப்படும் தகவல்களின் பட்டியலில் சாதியும் பழங்குடியும் இருந்தன. 2023ல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பட்டியலே இல்லை.